துணைக்குரல்

சுகந்திக்குத் தொண்டை கட்டிக்கொண்ட வாரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. கட்டியிருக்காவிட்டால் இன்னும் எத்தனை காலம் ஓடியிருக்குமோ. எல்லோரும் சந்தோஷமாகத்தானே இருந்தார்கள்.

காலையில் கலாமணி தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில் போன் அடித்தது. திரையில் சுகந்தியின் முகம். வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அந்த முகம் போன போக்கைப் பார்த்ததும் கலாமணி அடுப்பை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

திருப்பூரில் காது கேளாத குழந்தைகள் இருக்கும் நாற்பது வீடுகளுக்குக் கலாமணிதான் குடும்பத் துணை. பதவியின் பெயரே அதுதான். அரசாங்கமும் இல்லாமல் தனியாரும் இல்லாமல் நடுவில் தொங்கும் ஒரு மையம் சம்பளம் கொடுத்தது. டாக்டர்கள் குழந்தையின் உள்காதில் கருவியை வைத்துத் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடக்க வேண்டியதெல்லாம் கலாமணியின் தலையில். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினை ஈரம் படாமல் வைத்துக்கொள்ளச் சொல்லித்தர வேண்டும். தலையில் காந்தம் போல ஒட்டிக்கொள்ளும் 'காயில்' என்ற வட்டு கழன்றால் மெஷினே செத்தமாதிரி என்று எத்தனை முறை சொன்னாலும் மறப்பவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டும். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று மருமகளை மட்டும் குத்திக்காட்டும் மாமியார்களின் வாயை அடைக்க வேண்டும். இதில் கடைசி வேலையை அவள் சம்பளம் இல்லாமலேகூடச் செய்வாள்.

அவளுக்கு இந்தப் பாதை புதிதில்லை. அவள் மகன் பிரதாப்புக்குக் காது கேட்காது என்பதே ஐந்து வயதில்தான் தெரிந்தது. அதுவரை பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பான், அவருக்கு என்ன வேண்டுமோ அதைக் கண்டுபிடித்து ஆட்டிவிடுவான். கருவி வைக்கும் வயது கடந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். அம்மாவும் மகனும் வீடியோவில் கையால் பேசிக்கொள்வார்கள். புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் கலாமணி முதலில் சொல்வது இதைத்தான்: "தலையாட்டறத நம்பாதீங்க. பாசியப் பாருங்க."

பாசி என்பது தினமும் காலையில் செய்யும் சோதனை. குழந்தை ஒரு பாசிமணியைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அம்மா பின்னால் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு சத்தம் கொடுப்பாள். ஒவ்வொன்றும் கேட்கக் கேட்க ஒரு பாசி கிண்ணத்தில் விழ வேண்டும். ஆறும் விழுந்தால் அன்றைக்கு மெஷின் சரியாக இருக்கிறது. வாயை மறைப்பது எதற்கென்றால், குழந்தை திரும்பிப் பார்த்து உதட்டைப் படித்துப் பழகிவிட்டால் காது சோம்பேறியாகிவிடுமாம்.

லைன் வீட்டின் முன்னறையில் சுகந்தியின் மகள் சாதனா பாயில் உட்கார்ந்திருந்தாள். நான்கு வயது. முடியைக் காயில் மேல் இழுத்து வாரிக் கட்டியிருந்தது. வெளியே தெரியக் கூடாது என்று அவள் அப்பா வீட்டில் உத்தரவு. கலாமணியைப் பார்த்து ஒரு சிரிப்பு, உடனே பார்வை வேறு பக்கம் போய்விட்டது.

"நான் பேசவே மாட்டேன். நீங்க புள்ளையப் பாருங்க்கா" என்று சுகந்தி காற்றுக் குரலில் சொன்னாள்.

சுகந்தி குழந்தைக்குப் பின்னால் போய் நின்றாள். உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். சாதனா முதல் பாசியைக் கன்னத்தில் வைத்தாள். ஒரு நொடி. பாசி கிண்ணத்தில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. 'ஸ்' சத்தம் அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் சிரமம். அதனால் கடைசிப் பாசியை மட்டும் வழக்கம்போலச் சற்று நேரம் பிடித்திருந்து, தலையைச் சாய்த்து, பிறகு போட்டாள்.

"பழக்கத்துல போட்டிருப்பா கண்ணு" என்றாள் கலாமணி. சொல்லும்போதே அவளுக்கு நம்பிக்கை இல்லை.

சமையலறையில் இருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து குழந்தையின் முதுகுக்குப் பின்னால் தரையில் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரம்மா என்ன என்று எட்டிப் பார்த்தாள். சாதனா திரும்பவில்லை. அவள் கிண்ணத்தைக் குலுக்கிக்கொண்டு, "அம்மா, அந்த நாய்க்கு வாலு எங்க?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் காதுகொடுத்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, "பொய்யி, யாரும் திங்கல" என்றாள்.

சுகந்தி வாயைத் திறக்கவே இல்லை.

*

துணைக்குரலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தக் குழந்தைகளுக்குப் பேச்சு வர வேண்டுமானால் கருவி மட்டும் போதாது. பக்கத்தில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். புத்தகத்தில் எழுதுவது சுலபம். தானாக ஓடும் பனியன் கம்பெனி வேன் எட்டு மணிக்கு வந்து நின்றால், அதில் டிரைவரும் இல்லை, கெஞ்சினால் காத்திருக்க ஆளும் இல்லை. ஏறிப் போகிற அம்மா இரவு ஒன்பதுக்குத்தான் இறங்குகிறாள். எப்போது பேசுவாள்? அதனால் மையம் ஒரு வழி கண்டுபிடித்தது. அம்மாவைப் பல நாள் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டு, அவள் குரலிலேயே மெஷின் குழந்தையோடு பேசும். கதை சொல்லும், கேள்வி கேட்கும், பதிலுக்குப் பதில் வரும். அம்மா வீட்டில் இல்லாத நேரத்துக்கு மட்டும்தான் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள்.

சுகந்தியைப் பதிவு செய்தது கலாமணிதான். லீவு நாளாகப் பார்த்து, தலை குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு உட்காரவைத்து, "சிரிச்சுட்டே படி கண்ணு, சிரிப்பு குரல்ல தெரியும்" என்று சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

மையத்தில் அருள்தாஸ் மெஷினைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். மெஷின்களைப் பழுது பார்ப்பவன் அவன். கலாமணியை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"மைக் போயிருக்குக்கா. வேர்வை எறங்கியிருக்கு. நாலு மாசம் இருக்கும்."

"அப்போ நாலு மாசமா புள்ளைக்கு ஒண்ணுமே கேக்கலீங்களா தம்பி?"

"கேட்டுட்டேதான் இருக்கு. அதுதான் பிரச்சனையே" என்றான். "யாரோ பேசறாங்கன்னு மைக்குக்குத் தெரியுது. என்ன பேசறாங்கன்னு தெரியல. அந்த மாதிரி நேரத்துல துணைக்குரல் விட்டுப்போனத நிரப்பும். ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தை விட்டா குழந்தை தடுமாறக் கூடாதுன்னு வெச்சது. இங்க மொத்தமும் விட்டுப்போச்சு. மொத்தத்தையும் அதே நிரப்பிடுச்சு. குழந்தை பேசறத தொண்டை அதிர்வுல இருந்து எடுத்துக்கும். அதனால பேச்சுவார்த்தை நிக்கவே இல்ல."

"காலைல ஆறு சத்தம்? சுகந்தி வாயே தொறக்கல, நான் பாத்துட்டு நின்னேன்."

"தினமும் ஒரே நேரத்துல ஒரே வரிசையில சொல்லியிருப்பாங்க. இந்த நேரத்துக்கு இது வரும்னு துணைக்குரல் கத்துக்கிச்சு. வரலன்னாலும் அதுவே சத்தத்தப் போடும்."

வரிசையை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும் என்று கலாமணி எல்லா வீட்டிலும் சொல்லியிருந்தாள். ஆனால் வேன் வந்து நிற்கும்போது எவளுக்கு வரிசையை யோசிக்க நேரம் இருக்கிறது? ஜெபம் சொல்வதுபோல ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடினார்கள். கலாமணி மட்டும் என்ன யோக்கியம்? மாதாமாதம் அவள் எடுத்துப் போனதும் அதே படப் புத்தகம், கேட்டதும் அதே கேள்விகள். அவளுடைய கேள்விகளைக்கூட மெஷின் சுகந்தியின் குரலில் குழந்தையிடம் கேட்டிருக்கிறது.

"பழுதுன்னு இங்க காட்டாதுங்களா?"

"குழந்தையோட பேச்சு மார்க் எறங்கினாத்தான்க்கா காட்டும். இவ மார்க் ஏறிட்டே போச்சு. ஜில்லாவுலயே நல்லாப் பேசற குழந்தைங்கள்ல இவ ஒருத்தி."

கலாமணி நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவ யார் வாயையும் பாக்க மாட்டா தம்பி. பாக்காமயே பதில் சொல்றான்னு நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன்."

அருள்தாஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "எதிர்ல இருக்கறவங்க வாய் ஒண்ணு சொல்லும், காது ஒண்ணு சொல்லும்" என்றான் கடைசியில். "எந்தக் குழந்தையும் பாக்கறத விட்டுரும்க்கா."

*

புது மைக் போட்டு, துணைக்குரலை நிறுத்திவிட்டு, சாதனாவுக்கு மெஷினை மாட்டியது மறுநாள். பக்கத்தில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மேலே மின்விசிறி. தெருவில் பழைய பேப்பர்காரர். காயில் தலையில் ஒட்டியதும் குழந்தை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நான்கு மாதமாக அவள் உலகத்தில் மிக்ஸியும் இல்லை, மின்விசிறியும் இல்லை, ஒரு இனிமையான குரல் மட்டும்தான் இருந்தது.

"சாமி, அம்மா இருக்கறேன் சாமி" என்றாள் சுகந்தி. தொண்டை இன்னும் சரியாகவில்லை. சரியாகியிருந்தாலும் அது பன்னிரண்டு மணி நேரம் பனியன் செக்கிங்கில் நின்றுவிட்டு வருபவளின் குரல்தான்.

குழந்தை அவள் இடுப்பைத் தள்ளிவிட்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் கலாமணி முன்னால் உட்கார்ந்து, சுகந்தியைக் காட்டி, தெளிவாகக் கேட்டாள்: "இது யாரு, கண்ணு?"

சாதனா கொஞ்சம் யோசித்தாள். "குளிக்க வெக்கறவங்க" என்றாள்.

"அம்மா யாரு?"

"அம்மா இப்பப் பேசிட்டு இருந்துச்சு. எங்க போச்சு?" என்று எழுந்து கதவுக்குப் பின்னால் பார்த்தாள்.

சுகந்தி அழவில்லை. கொடியில் காய்ந்த குழந்தையின் கவுனை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். கலாமணிக்கு அவளைத் தொடக்கூடத் தைரியம் வரவில்லை.

"வேணும்னா திரும்பப் போட்டுக்கலாம் கண்ணு" என்றாள். "மைக் சரியாயிருச்சு. நீ இருக்கறப்ப உன் குரல், இல்லாதப்ப அது. மெல்ல மெல்லக் கொறச்சுக்கலாம்னு அருள் தம்பி சொல்லுச்சு."

"வேண்டாங்க்கா. அது பேசுனா இவ அதுக்குத்தான் காத்துட்டு இருப்பா. நான் எதுக்கு நடுவுல?" என்றாள் சுகந்தி. பிறகு, குற்றம் சொல்வதாக இல்லாமல், சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்: "நீங்கதானுங்க்கா சிரிச்சுட்டே படிக்கச் சொன்னீங்க?"

கலாமணி ஆமாம் என்றாள். வேறென்ன சொல்வது?

*

அந்த வாரம் முழுக்க அவள் மற்ற வீடுகளுக்குப் போய், வாயைத் திறக்காமல் குழந்தைகளுக்குப் பின்னால் நின்றாள். பல வீடுகளில் பாசி விழவில்லை. அங்கெல்லாம் கும்பிடு போட்டுவிட்டு வந்தாள். சில வீடுகளில் விழுந்தது. மையத்துக்குத் தகவல் சொன்னபோது மேலதிகாரி அம்மாள், குழந்தைகளின் மார்க்கில் குறை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், தாய்மார்கள் கேட்டால் மட்டும் துணைக்குரலை நிறுத்துங்கள் என்று காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிட்டார்.

தாய்மார்களும் கேட்கவில்லை. சாமுண்டிபுரத்தில் ஒருத்தி கலாமணி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேசிட்டு இருக்கட்டுங்க்கா" என்றாள். "எனக்கு ரெண்டு ஷிப்டு. அதாச்சும் திட்டாமப் பேசுதே."

கலாமணி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரவு பிரதாப்பிடம் கையால் இதைச் சொன்னாள். அவன், எனக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் நீ என்னைப் பார்த்திருக்கவே மாட்டாய், என்று கையசைத்தான். போனை வைத்த பிறகும் அந்தக் கை அவள் கண்ணிலேயே நின்றது.

சுகந்தி வீட்டில் நிலைமை தேறவில்லை. சாதனா பேச்சைக் குறைத்துவிட்டாள். மெஷினைக் கண்டாலே முகம் சுருங்கும். சோற்றை வாயில் வைத்தால் வாங்கிக்கொள்வாள், ஊட்டுபவளைப் பார்க்க மாட்டாள். மார்க் சரிந்தது. இப்போது மையத்தில் விளக்கு எரிந்து, இந்தக் குழந்தையின் மெஷினில் பழுது இருக்கலாம் என்று கலாமணிக்குத் தகவல் வந்தது. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

அப்போதுதான் சுகந்தி அருள்தாஸுக்குப் போன் செய்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். துணைக்குரல் பேசியதெல்லாம் எங்கேயாவது இருக்குமா? இருந்தது. அதில் கொஞ்சம் அவள் போனுக்கு வந்தது.

அவள் வேனில் போகும்போது கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் அயர்ன் டேபிளுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டாள். தன் குரல்தான். ஆனால் அவளுக்கு அந்த மாதிரி பேசத் தெரியவில்லை. "சாமி"யை எங்கே இழுக்கிறது, சிரிப்பை எந்த இடத்தில் உள்ளே வைக்கிறது, கோபமே வராத ஒரு ஆள் "வேண்டாம்" என்பதை எப்படிச் சொல்லும் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். பக்கத்துத் தையல் மெஷின்காரி கேலி செய்தாளாம், சினிமாவில் சேரப் போகிறாயா என்று.

"பரவால்லீங்களா, பாருங்க்கா" என்று கலாமணியிடம் பேசிக் காட்டுவாள். கலாமணி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஒரு நாள் உண்மையிலேயே புல்லரித்தது. அப்படியே இருந்தது. லீவு நாளில், தலை குளித்து, தூங்கி எழுந்த சுகந்தி.

"நாளைக்குப் பாசி வெச்சுப் பாத்துரலாமுங்க்கா" என்றாள் சுகந்தி. "ஆறு சத்தமெல்லாம் வேண்டாம். நான் பேசறேன். அம்மா பேசுச்சுன்னா ஒரு பாசி போடச் சொல்லுங்க. வேற யாரோன்னா போட வேண்டாம். அவளே சொல்லட்டும்."

*

ஞாயிற்றுக்கிழமை. சுகந்தி கம்பெனிக்குப் போகவில்லை. தலை குளித்திருந்தாள். கலாமணியைப் பாயில் குழந்தைக்கு நேர் எதிரில் உட்காரச் சொன்னாள். மெஷினை மாட்டி, காயிலை ஒட்டி, அதன்மேல் முடியை வாரிக் கட்டிவிட்டு, பின்னால் போய் நின்றாள்.

கலாமணி கையைக் காட்டியும் சொல்லியும் குழந்தைக்குப் புரியவைத்தாள். அம்மா பேசினால் பாசி. வேறு யாரோ என்றால் இல்லை. சாதனா ஒரு நீலப் பாசியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கலாமணியின் முகத்தையே பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவள் ஒரு முகத்தை இப்படிப் பார்த்து கலாமணி கண்டதில்லை. நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டாள்.

சுகந்தி வாயைக் கையால் மறைத்தாள். இனி இங்கே யாருக்கு மறைக்க வேண்டும், பழக்கம் விடவில்லை.

"சாமி" என்றாள். இழுப்பு சரியாக இருந்தது. "சாமி, அந்த நாய்க்கு வாலு எங்க போச்சுன்னு சொல்லட்டுமா?"

பாசி கன்னத்திலேயே இருந்தது.

"எலி தின்னுருச்சு. ராத்திரி வந்து கறுக்கு முறுக்குன்னு..." சிரிப்பு சரியான இடத்தில் உள்ளே உட்கார்ந்தது. கலாமணிக்குத் தன்னை அறியாமல் உடம்பு முன்னால் சாய்ந்தது. போடு கண்ணு, போடு. இவள் இதற்காக வாரக்கணக்கில் தூங்கவில்லை. உன்னைப் பெற்றவள்தான். போட்டுவிடு.

கிண்ணத்தில் பாசி விழுந்தது.

சுகந்தியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது எந்தப் பதிவிலும் இல்லாத சத்தம். மண்டியிட்டுக் குழந்தையைப் பின்னாலிருந்து அணைத்துக்கொண்டு, முதுகில் முகத்தைப் புதைத்து, விம்மி விம்மி அழுதாள். "கேட்டுருச்சுங்க்கா. அம்மான்னு தெரிஞ்சிருச்சுங்க்கா."

சாதனா அசையவில்லை. கலாமணியைப் பார்த்து மெல்லச் சிரித்து, தலையை ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலைக் கலாமணிக்குத் தெரியும். ஐந்து வருடம் அவள் வீட்டில் இருந்த தலையாட்டல் அது. பார்வை தானாகக் குழந்தையின் காதுப் பக்கம் போனது. ரப்பர்பேண்டுக்குக் கீழே, கலைந்த முடிக்குள், காயில் கழன்று அதன் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டி முடித்துச் சுகந்தி நிமிர்ந்த நேரத்திலேயே குழந்தையே பிடுங்கிவிட்டிருப்பாள். குழந்தைக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது. எதிரில் இருந்த முகத்துக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறது.

"சொல்லுங்க்கா, சரியாத்தானே இருந்துச்சு?" என்று சுகந்தி தலையைத் தூக்கினாள். குழந்தையும் கலாமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுபோல.

கலாமணி ஒரு கையை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டாள். "சரியா இருந்துச்சு கண்ணு" என்றாள்.